ஒரு வெள்ளி வைத்தியம்

நமது நாட்டில் வைத்தியம் மலிவு. இதனை முதலிற் சொல்லிவிடுவதே நியாயமாகும்; ஏனெனில், சர்க்கார்மீது குறை சொல்லுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர்கள் இதனை மறந்தும் சொல்லமாட்டார்கள். மலேசியப் பிரஜை எவரும் சர்க்கார் சுகாதார நிலையத்துக்குச் சென்று ஒரு வெள்ளி கட்டினால், டாக்டர் பார்த்து மருந்தும் கொடுத்தனுப்புவார். பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைக் காணவேண்டி நேர்ந்தால், ஒருமுறை பார்வைக்கு 5 வெள்ளி. அரிசியும் எண்ணெயும் பள்ளிக்கூடப் பையும் எத்தனையோ முறை விலையேறிவிட்டன. இந்த ஒரு வெள்ளி மட்டும் பல்லாண்டுகளாக அசையாமல் நிற்கின்றது. அயல்நாட்டிலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் தோழர்கள் இதனைக் கேட்டு வியப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது வேறு கதை. அதனை வேறொரு சமயம் எழுதவேண்டும்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கில வழியிற் படித்து, அந்தப் படிப்பின் பயனாகச் செக்ரோல் புத்தகத்தின்முன் உட்கார்ந்திருப்பவன். யார் காலையில் பிரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை, எத்தனை குலை விழுந்தது, எத்தனை சாக்கு உதிரிப் பழம் சேர்ந்தது என்று எழுதுவதே என் உத்தியோகம். ஆகையினால், எந்தப் பொருளின் விலையையும் அதன் ரசீதைக்கொண்டு மட்டும் அளக்க என் மனம் இடங்கொடுப்பதில்லை. அதற்காக எத்தனை நாள் வேலை தவறுகின்றது என்பதையும் சேர்த்தே அளந்து பழகியிருக்கிறேன்.

அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்வோருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென் ஆகும். தொழிலாளி தானே நோயுற்றால் சட்டம் அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தருகின்றது; இரண்டாண்டுக்குட்பட்டவருக்கு வருஷத்துக்கு 14 நாள், ஐந்தாண்டு வரை 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள். ஆனால் அவருடைய பிள்ளை நோயுற்றால்? அதற்கென்று தனி விடுமுறை அச்சட்டத்தில் இல்லை. வருஷாந்தர விடுமுறையில் ஒரு நாளைச் செலவிடவேண்டும். அதுவும் தீர்ந்திருந்தால் அன்றைய கூலியை இழக்கவேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து சுகாதார நிலையம் 19 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி 46 கிலோமீட்டர். பேருந்து உள்ளே வருவது நின்று பல வருஷமாயிற்று. போகவரக் காத்திருக்க வாடகை வேனுக்கு 80 வெள்ளி. தாயும் மகனும் மத்தியானம் ஏதேனும் வாங்கிச் சாப்பிட 15 வெள்ளி. ஆக, 5 வெள்ளி வைத்தியத்துக்கு 160 வெள்ளிக்குமேல் பிடிக்கின்றது. காய்ச்சலும் சளியுமாயின் இஃது ஒரு தரத்தோடு முடிந்துபோம். மனநோயாயின் மாதந்தோறும் போகவேண்டும். சில சமயம் பதினைந்து நாளைக்கொருமுறை போகவேண்டும்.

மனநோய் என்று நான் எழுதியவுடனே பக்கத்தைத் திருப்ப எண்ணும் வாசகர் சிலர் இருப்பர். சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

என் பாட்டனார் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுப் பால்வெட்டும் கத்தியை எடுத்தார்கள். இன்று எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது எஸ்.பி.எம். எழுதும் பிள்ளையோ, ஆறாம் படிவத்திற் படிக்கும் பிள்ளையோ, பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளையோ உண்டு. இது நாம் பெருமைப்படத் தக்கதே. ஆயின், அந்தப் பிள்ளை சுமப்பது புத்தகப்பை மாத்திரமன்று. கல்விக் கடன், தம்பி தங்கையின் எதிர்காலம், லயத்தைவிட்டுக் குடிபெயரவேண்டுமென்ற தாயின் ஆசை, 'எங்கள் பிள்ளை' என்று ஊரார் சொல்லும் வாழ்த்து ஆகிய அனைத்தும் அதன் தோளில் ஏறுகின்றன. தோல்வியடைய உரிமையில்லாத பிள்ளையாக அது வளர்கின்றது. நாட்டின் சுகாதார இலாகா 2022-ஆம் ஆண்டிற் பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. 2017-இல் அது ஐவரில் ஒருவராய் இருந்தது. பெரியோரிடையேயும் 2019-க்கும் 2023-க்கும் இடையில் அந்நோய் இரட்டித்து, ஏறக்குறைய பத்து லட்சம் பேரைப் பிடித்திருக்கின்றது. இவ்வளவு பேரைப் பிடித்த ஒரு நோயை இன்னும் 'யாருக்கோ வருவது' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது விந்தையே.

அஃது என் வீட்டுக்கும் வந்தது. என் தம்பி பொறியியல் படிக்கின்றான், இரண்டாம் ஆண்டு. 2025-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் விடுமுறை முடிந்தும் புறப்படவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தான்; பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அம்மா வைத்த சோறு வைத்தபடி இருந்தது. கேட்டால், "ஒன்றுமில்லை அண்ணா, களைப்பு" என்பான். களைப்பு மூன்று வாரம் நீடிக்குமா?

எங்கள் அம்மா கைம்பெண். இருபது வருஷத்துக்குமேல் மருந்தடிக்கும் வேலை செய்து, நீரிழிவு வந்த பின்னர் நின்றுவிட்டவர். அவருடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, நல்ல மனிதர். அவர்தாம் அவனை எஸ்டேட் எல்லையிலுள்ள முனியாண்டி கோயிற் பூசாரியிடம் அழைத்துப் போனார். பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்து, பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே காற்று பட்டிருக்கின்றது என்றார். ஒரு சேவல், ஒரு போத்தல் சாராயம், தட்சிணை, மூன்று வெள்ளிக்கிழமை பூசை. மாமா கையிலிருந்து 380 வெள்ளி போயிற்று. சர்க்கார் நிலையத்தில் 380 முறை டாக்டரைப் பார்க்கும் தொகை அது! மூடநம்பிக்கையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எத்தனையோ பேர் எழுதியாயிற்று. நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்லுவேன். பூசாரியின் வீடு லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றது, அவர் தமிழ் பேசுகின்றார், சாயங்காலத்தில் பார்க்கின்றார், ஒரு நாள் கூலியும் போவதில்லை, 'உன் மகனுக்குப் பைத்தியம்' என்று சொல்லாமல், 'உன் மகன்மேல் குற்றமில்லை, காற்றின் குற்றம்' என்கின்றார். தாய்க்கு அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாயிருக்கும்! நமது சுகாதார நிலையங்கள் இந்த ஐந்தில் இரண்டையாவது கற்றுக்கொண்டால், பகுத்தறிவுப் பிரசாரம் செய்வதற்கு நமக்கு வேலை குறையும்.

அம்மா சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கட்டும், அவருக்கு அது பலம். ஆனால் நான்காம் வெள்ளிக்கிழமைக்குத் தம்பியைக் கோயிலுக்கு அனுப்பாமல், டிரஸ்ஸரிடம் அழைத்துப் போனேன்.

தோட்டத்து டிரஸ்ஸரைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் பதிவேட்டில் அவர் 'எஸ்டேட் ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்'. அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முன்னாளில் பெரிய தோட்டங்களில் கட்டிலோடுகூடிய ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் துரைக்கு அடுத்த மனிதராக விளங்கினார். இன்று எங்களுக்கு வாய்த்தவர் நான்கு தோட்டங்களுக்குப் பொது. எங்களிடம் வருவது வாரத்தில் இரு நாள். மிகுந்த நாட்களில் அந்த அறையைப் பூட்டு காக்கின்றது. ஆயினும் மனிதர் அனுபவசாலி. தம்பியின் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, நாடியைப் பிடித்து, எடையைக் குறித்துக்கொண்டு, "கிராணியார், இது காய்ச்சலுமில்லை, காற்றுமில்லை. நாளைக்கே டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கடிதம் நான் தருகிறேன்" என்றார்.

மறுநாள் விடுமுறை எழுதிவிட்டு நானே உடன் சென்றேன். ஒரு வெள்ளி கட்டினோம். இரண்டரை மணி நேரங் காத்திருந்தோம். அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் கெட்டதா, களைப்பாயிருந்ததா, பசி எப்படி, தன்னைத்தானே தாழ்வாக நினைத்ததுண்டா, படிப்பில் கவனம் நின்றதா, அசைவும் பேச்சும் மந்தமாயினவா, உயிரோடிருப்பதினும் இறப்பது நலம் என்ற எண்ணம் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' முதல் 'ஏறக்குறைய தினமும்' வரை நான்கு பதில்கள், பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. உலகமெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் கருவி இதுவே. கூட்டல் தெரிந்த எவரும் கூட்டிப் பார்க்கலாம்; ஆனால் கூட்டி வந்த எண்ணின் பொருளைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

தம்பி எட்டுக் கேள்விகளுக்கு விரைவாகக் குறியிட்டான். பரீட்சை எழுதிப் பழகியவனல்லவா! ஒன்பதாவதில் பேனா நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் குறியிட்டு முடித்தபின், எது என்று பாராமலே தாளை வாங்கித் தாதியிடம் கொடுத்தேன்.

டாக்டர் ஓர் இளம்பெண். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு நாற்பது நிமிஷம் பேசினார். பிறகு என்னை அழைத்து முதலாவதாகக் கேட்ட கேள்வி இது: "நீங்கள் தோட்டத்தில் இருக்கிறீர்கள். வீட்டில் களைக்கொல்லி வைத்திருக்கிறீர்களா?" அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போதே விளங்கிற்று, கால்கள் சற்றுத் தளர்ந்தன. பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சை நமது அரசாங்கம் 2020 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்துவிட்டது. ஆனால் நஞ்சு அது ஒன்றுதானா? மிஞ்சிய மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலிலுள்ள புல்லுக்கு அடிப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அன்று மாலையே ஸ்டோர் கணக்குப்பிள்ளையும் நானுமாக லயம் லயமாகப் போய், சமையலறைத் திண்ணைகளிலிருந்து பதினோரு போத்தல்களை எடுத்துவந்தோம். இப்போது ஸ்டோரின் இரண்டு சாவியும் ஆபீசிலேயே இருக்கின்றன. ஒரு சொட்டு வெளியே போவதானாலும் கையெழுத்து வேண்டும். துரை, "ஏன் இந்தத் திடீர்க் கண்டிப்பு?" என்று கேட்டார். "பாதுகாப்புக்காக" என்றேன். அது பொய்யன்று.

இரத்தம் எடுத்துச் சோகையும் கழுத்துச் சுரப்பியின் கோளாறும் இல்லையென்று கண்டபின், டாக்டர் மருந்தெழுதி, பெரிய ஆஸ்பத்திரியின் மனநல நிபுணருக்கும் கடிதங் கொடுத்தார். அந்த மருந்தைப் பற்றி நம்மவரிடையே உலவும் கதைகள் அநேகம். அது தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விடாது, மூளையை மழுக்கிவிடும் என்பர். எங்களுக்குக் கொடுத்தது அவ்வகையன்று. அது போதைப் பொருளைப் போன்ற ஏக்கத்தை உண்டாக்குவதும் அன்று. அதன் குணம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குணமான பின்னரும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும். டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு வாரத்தில் குமட்டல்தான் கண்டது, குணம் காணவில்லை. அந்த இரண்டு வாரத்திலேதான் அநேகம் பேர் "மருந்து பலிக்கவில்லை" என்று சொல்லி, மறுபடியும் எலுமிச்சம்பழத்துக்குத் திரும்புகின்றார்கள். இதனை முன்கூட்டியே ஒருவர் நம் மொழியில் நமக்குச் சொல்லியிருந்தால், எத்தனை சேவல்கள் பிழைத்திருக்கும்!

மொழி என்றேன். அதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எங்கள் லயத்தில் ஆறாம் படிவத்திற் படிக்கும் ஒரு பெண்ணுக்கும் இதே நோய். வயது பதினெட்டு நிரம்பாத பிள்ளையாதலால், வைத்தியம் தொடங்கத் தாய்தந்தையரின் சம்மதம் வேண்டும். தாய் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். தமிழைத் தவிரக் கடைத்தெரு மலாய் மட்டுமே அறிவார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்தவள் யார்? நோயாளியாகிய அந்தப் பெண்ணேதான்! "உங்கள் மகள் எப்போது முதல் இப்படி இருக்கிறாள்?" என்று டாக்டர் கேட்க, "அம்மா, சாப்பாடு சரியாக உண்கிறேனா என்று கேட்கிறார்" என்று அவள் தாயிடம் மாற்றிச் சொன்னாளாம். தாய் மனம் நோகக்கூடாதென்று தன் நோயைத் தானே மறைத்து மொழிபெயர்த்தாள். டாக்டர் தாயின் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். தாய், ஏதோ இரும்புச்சத்து மாத்திரை என்று எண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். பின்னர் அந்த மாத்திரையின் பெயரைக் காட்டி என்னிடம் கேட்டபோதுதான் இவ்வளவும் வெளியாயிற்று. இதில் டாக்டர்மீது நான் பழி சொல்லேன். அன்றைய தினம் அவருக்கு வெளியே காத்திருந்தோர் தொகையை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நம் தாய்மார் 'மனச்சோர்வு' என்று சொல்லுவதில்லை. "நெஞ்சு அடைக்கிறது", "தலை கனக்கிறது", "உடம்பெல்லாம் எரிகிறது" என்பார்கள். அதனை அப்படியே மொழிபெயர்த்தால் நெஞ்சுக்கு ஒரு படமும் தலைக்கு ஒரு மாத்திரையும் கிடைக்கும். அந்தச் சொற்களுக்குள்ளே என்ன இருக்கின்றது என்பதை அறிய, அந்த மொழியிலே வளர்ந்த ஒருவர் அருகிலிருக்கவேண்டும். நாடு முழுமைக்கும் மனநல நிபுணர்கள் 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 410 பேரே. அவர்களுள் நமது வாசலுக்கு அருகே தமிழ் பேசுபவர் ஒருவர் கிடைப்பது அதிருஷ்டந்தான். தனியார் நிபுணரிடம் போகலாமென்றால், ஒரு பார்வைக்கே சில நூறு வெள்ளி.

பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" பேராவிற் பிறந்து வளர்ந்தவர்க்கு அந்தப் பெயரை விளக்கவேண்டுவதில்லை. 1911-இல் அங்கே திறக்கப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரி, இன்று 'பாகியா' என்று, அதாவது மகிழ்ச்சி என்று, பெயர் மாறி நடைபெறுகின்றது. பெயர் மாறியும் பயம் மாறவில்லை. பிள்ளைகளைத் திட்டுவதற்குக்கூட நாம் அந்த ஊரின் பெயரையே பயன்படுத்துகிறோம்; ஜொகூரில் உள்ளவர்கள் தம்போய் என்பார்கள். உள்ளபடி, மனச்சோர்வுக்கு வைத்தியம் பெறுவோரில் பெரும்பாலோர் ஒரு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் படுப்பதில்லை. சுகாதார நிலையத்திலும் மாநில ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியிலும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கின்றார்கள். 'மெந்தாரி' என்னும் சமூக மனநல நிலையங்களையும் சர்க்கார் பல ஊர்களில் நிறுவியிருக்கின்றது. நோயிலிருந்து மீள்வோர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப அங்கே துணை செய்கின்றார்கள். இவற்றையெல்லாம் அம்மாவுக்கு இரண்டு இரவு சொன்னேன். மூன்றாம் நாள், "அப்படியானால் நானும் கூட வருகிறேன்" என்றார்.

அவர் வந்தது நல்லதாயிற்று. நிபுணர் தம்பியைப் பார்த்த பின்னர், "அம்மா எப்படியிருக்கிறார்?" என்று கேட்டார். அதுவரையில் எங்கள் வீட்டில் யாரும் கேளாத கேள்வி அது. மகன் தூங்காத இரவுகளிலெல்லாம் தாயும் தூங்கவில்லை. நீரிழிவு மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடவில்லை, சர்க்கரை ஏறியிருந்தது. நீரிழிவு உடையவர்க்கு மனச்சோர்வு உண்டாகும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறக்குறைய இரட்டிப்பு என்று அவர் விளக்கினார். படிக்கும் பிள்ளை ஒருவன் விழுந்தால் அந்த வீட்டில் அவனோடு விழுகிறவர் யார் யார் என்பதை நமது மருத்துவச் சீட்டு எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரே பெயர்தான். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஏழைப் பெற்றோர்க்காக 2019 முதல் 'பேகா பி40' என்னும் இலவச உடற்பரிசோதனைத் திட்டம் உண்டு. பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் அதனைச் செய்துகொள்ளலாம். எங்கள் தோட்டத்தில் அதற்குரிய தாய்தந்தையர் பலர். நான் விசாரித்தவரையில் போய் வந்தவர் மூவர்.

பல்கலைக்கழகத்து விஷயமும் ஒன்று உண்டு. அங்கே மாணவர்க்கு ஆலோசனை நிலையம் இருக்கின்றது, கட்டணமில்லை, 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர்கள் இருக்கின்றார்கள். தம்பி ஒருமுறை அதன் வாசல் வரை சென்று திரும்பியிருக்கின்றான். காரணம் கேட்டேன். "உள்ளே என் வகுப்புத் தோழன் உட்கார்ந்திருந்தான் அண்ணா" என்றான். அந்தத் தோழனும் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தான் என்பதை இவன் யோசிக்கவில்லை. நோய் அவ்வாறு யோசிக்க விடுவதுமில்லை. மருத்துவ காரணத்தினால் ஒரு பருவம் படிப்பை ஒத்திவைக்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. பரீட்சைக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தான். டாக்டர் கடிதத்தோடு நான் எழுதினேன், அனுமதி வந்தது, கல்விக் கடன் நிறுவனத்துக்கும் அறிவித்தாயிற்று. ஆங்கிலமும் மலாயும் எழுதத் தெரிந்த ஒருவன் வீட்டில் இருந்ததனால் இது நடந்தது. இல்லாத வீடுகளின் கடிதங்கள் இப்போது என் மேசைக்கு வருகின்றன. துரைக்கு அதில் சற்று வருத்தம். வேலை நேரத்துக்குப் பிறகுதானே எழுதுகிறேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

மற்றொரு பயம், போலீஸ். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைச் சிறையிலிடச் சொல்லிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நமது பாராளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. இச்செய்தி எங்கள் லயங்களை வந்தடையவில்லை. "வாயைத் திறந்தால் கேஸ் ஆகிவிடும்" என்று இன்றைக்கும் தகப்பன்மார் மகனை அடக்குகின்றார்கள். ஆகாது, தைரியமாய்ச் சொல்லலாம். இரவில் மனம் தாங்காத வேளையில் பேசுவதற்கு, 1970 முதல் கோலாலம்பூரில் நடந்துவரும் பிஃரெண்டர்ஸ் சங்கத்தின் 03-7627 2929 என்னும் எண் உண்டு. சுகாதார இலாகா 2022-இல் தொடங்கிய 15555 என்னும் எண்ணும் உண்டு. இவ்விரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி, பிரட்டுக் களத்துக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு முறை யாரோ கிழித்துவிட்டார்கள். மூன்றாம் முறை அதே தாளில் குலைவிலை விவரத்தையும் சேர்த்து எழுதினேன். இப்போது ஒருவரும் கிழிப்பதில்லை.

இனி, 160 வெள்ளியைக் குறைத்த கதை. ஆஸ்பத்திரியில் மருந்தகத்துப் பெண்மணி ஒருவர்தாம் வழி காட்டினார். நிபுணர் எழுதிய தொடர் மருந்தை மாதந்தோறும் பெரிய ஆஸ்பத்திரிக்கே வந்து வாங்கவேண்டுமென்பதில்லை. கேட்டுக்கொண்டால் வீட்டுக்கு அருகிலுள்ள சர்க்கார் நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி மாற்றிவிடுகின்றார்கள். எஸ்.பி.யூ.பி. என்று சொல்லுகின்றார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேளாதவர்க்கு யாரும் சொல்லுவதில்லை. அம்மாவின் நீரிழிவுப் பார்வை நாளும் தம்பி மருந்து வாங்கும் நாளும் ஒன்றாய் விழும்படி சுகாதார நிலையத்துத் தாதியிடம் கேட்டுக்கொண்டோம். அவரும் தட்டாமல் மாற்றிக் கொடுத்தார். நிபுணரைப் பார்ப்பது இப்போது இரண்டு மாதத்துக்கொருமுறை. ஆறாம் படிவத்துப் பெண்ணின் வீட்டாரும், பக்கத்துத் தோட்டத்தில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையனின் வீட்டாரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரு வேன். ஒரு வீட்டுக்கு 27 வெள்ளிகூட ஆவதில்லை. மூன்று வீட்டிலிருந்தும் பெரியவர் ஒருவர் போனால் போதும். மற்ற இருவர் வேலைக்குப் போகின்றார்கள். தமிழும் மலாயும் நன்கறிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், கூட வரச் சம்மதித்திருக்கின்றார். டாக்டர் அறையில் அவர் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். வெளியே வந்து எதையும் சொல்லமாட்டார். பிள்ளைகள் அவரை 'டீச்சர் பாட்டி' என்கின்றார்கள். ஆறாம் படிவத்துப் பெண் அவர் வாயிலாகப் பேசிய அன்று, தாயும் மகளும் அறையை விட்டு வெளிவர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வேன்காரர் முணுமுணுத்தார். அவருக்கு ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

தம்பி இப்போது இரவில் தூங்குகின்றான். சில நாள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுக்கின்றான். அது குறையக் காலம் பிடிக்கும் என்றே நிபுணரும் சொல்லியிருக்கின்றார். பல்கலைக்கழகத்துக்கு மீளும் விண்ணப்பத்தாள் என் மேசையிழுப்பில் இருக்கின்றது; அதில் டாக்டர் கையொப்பமிடவேண்டிய கட்டம் இன்னும் வெறுமையாயிருக்கின்றது. அவனை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. போன வாரம் அவனாகவே வந்து, அடுத்த பருவத்துக்கு என்னென்ன பாடம் என்று கேட்டான்.

வேனைப் பற்றிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விசாரிப்போர்க்காகச் சொல்லிவைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு, பழைய பால் கொட்டகை வாசலிலிருந்து புறப்படும். எந்த நோய்க்கென்று யாரும் கேட்பதில்லை. பத்துப் பேர் உட்காரலாம். தற்சமயம் அதில் இரண்டு இடம் காலியாயிருக்கின்றது.